வாசல் மிதித்த கால்கள்

வசந்தாமணிக்குச் சும்மா உட்கார வராது. சோற்றுக்கு உட்கார்ந்தால்கூட நடுவில் இரண்டு முறை எழுவாள். ஒருமுறை உப்புக்கு, இன்னொரு முறை எதற்கென்று அவளுக்கே தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளைப் பெற்றவள் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனாள். கல்யாணம் கட்டிய தியாகராசனும் அலுத்துப் போனார். யாராலும் நிறுத்த முடியாத அந்தக் கால்களைக் கடைசியில் ஒரு காய்ச்சல் வந்து நிறுத்தியது.

கம்மல் காய்ச்சல் என்று ஈரோட்டில் அதற்குப் பேர். முதலில் குரல் கம்மும். பிறகு மூச்சு வாங்கும். பிறகு என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அடைப்பு என்று அறிவித்தார்கள். முன்பு வந்த அடைப்புகளைப் போல் பால் வாங்குகிறேன், மருந்து வாங்குகிறேன் என்று சாக்குச் சொல்லி வெளியே போக முடியாத அடைப்பு. பாலும் மருந்தும் வாசலுக்கே வந்தன. மனிதர்கள்தான் வரவில்லை.

தியாகராசனுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. அவருக்கு ஒரு பக்க நுரையீரலை முன்பே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஜன்னலோர நாற்காலிதான் அவருக்கு ஊர், உலகம் எல்லாம். போனில் நாமக்கல்காரர் ஒருவரோடு ஆடுபுலி ஆட்டம் ஆடுவார். அடைப்பு அறிவித்த அன்று, "இப்பத்தான் ஊரே என்னாட்ட இருக்குது" என்றார். அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

வசந்தாமணி கூடத்திலிருந்து பின்கட்டுக்கும் பின்கட்டிலிருந்து கூடத்துக்கும் நடந்தாள். தேய்த்த பாத்திரத்தைத் திரும்பத் தேய்த்தாள். மொட்டை மாடியில் நின்று எதிர்வீட்டுக்காரியிடம் கத்திப் பேசினாள். எதிர்வீட்டுக்காரிக்கும் பேச ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது, இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று தியாகராசனுக்கே பயம் வந்துவிட்டது.

அப்போதுதான் உலாத் திட்டம் வந்தது. வீட்டுக்கு ஒரு சுருட்டிய பாய், ஒரு கண்ணாடி. பாயை விரித்து மேலே ஏறி நடந்தால் பாய் காலுக்குக் கீழே நகரும்; எவ்வளவு நடந்தாலும் கூடத்தை விட்டுப் போகமாட்டோம். கண்ணாடியை மாட்டினால் நிஜமான வீதி தெரியும். படம் பிடித்து வைத்த வீதி அல்ல, இந்த நிமிடத்தில் வெயிலடிக்கிற வீதி. ஏனென்றால் அந்த வீதியில் நிஜமாகவே ஒரு ஆள் நடந்துகொண்டிருப்பாள். அவள் கழுத்துப்பட்டையில் இருக்கிற கண்ணும் காதும்தான் நம்முடைய கண்ணும் காதும். ஒரு உலாவுக்கு இருபது வீடு. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, பேச முடியாது. ஆனால் சுற்றிலும் மற்றவர்களின் காலடிச் சத்தம் கேட்கும். வசந்தாமணி முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கண்ணாடிக்குள்ளேயே அழுதுவிட்டாள். சந்தைக்குள் நடப்பதுபோல் இருந்ததாம்.

இரண்டாம் நாள் உலா அவள் வீதிக்கே வந்தது. தன் வீட்டு கேட்டைத் தானே வெளியிலிருந்து பார்த்த வசந்தாமணி, கண்ணாடியைக் கழற்றி வீசிவிட்டு வாசலுக்கு ஓடினாள். வெளியே ஒல்லியாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் சாம்பல் நிறப் பட்டை.

"நீதான் அந்த உலாப்புள்ளயா?"

"ஆமாங்கம்மா. எஸ்தர்."

"வெய்யல்ல நிக்கறயே, உள்ள வா கண்ணு."

எஸ்தர் சிரித்துக்கொண்டே இரண்டடி பின்னால் போனாள். "வரக்கூடாதுங்கம்மா. எனக்குக் காய்ச்சல் வந்துட்டுப் போயிருச்சு. மறுக்கா எனக்கு வராது. ஆனா அது தொண்டையிலயே குடியிருக்குதாமா. ஒரு நாளைக்கு இருக்கும், ஒரு நாளைக்கு இருக்காது. என்னிக்கு இருக்குதுன்னு டாக்டருக்கே தெரியாதுங்க. இப்படி வெளிக்காத்துல தள்ளி நின்னு பேசுனா ஒண்ணும் ஆகாது. நாலு செவுத்துக்குள்ள போனாத்தான் வம்பு."

"அப்ப உன்ற வீட்டுக்கு?"

"தம்பிக்கு ஆஸ்துமாங்க. அம்மா வேண்டாம்னுட்டாங்க. எங்களாட்ட ஆளுகள எல்லாம் ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல வெச்சிருக்காங்க. முன்ன ஜவுளிக்கடைல சேலைப் பக்கம் இருந்தனுங்க. அங்க நாளெல்லாம் நிக்கோணும், இங்க நடக்கோணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

"எந்தப் பக்கம் போகோணும்னு உனக்கு யாரு சொல்றது?"

"நீங்கதான். முக்கு வந்தா நீங்க ஒரு பக்கம் திரும்புவீங்கல்ல? நெறையப் பேரு எந்தப் பக்கம் திரும்பறாங்களோ, அந்தத் தோள்ல சுருக்குன்னு ஒரு தட்டு விழும். நானும் திரும்பிக்குவேன்."

"வாயில சொன்னா ஆகாதா?"

"மொத வாரம் பேச விட்டாங்கம்மா. கோயிலுக்கா பிரியாணிக் கடைக்கான்னு சண்டை வந்து கேஸாயிப் போச்சு. அப்பறம் காலு மட்டும் போதும்னுட்டாங்க." எஸ்தர் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப நாம பேசறதயும் பத்தொம்பது பேரு கேட்டுட்டுத்தான் இருக்காங்க."

வசந்தாமணி சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

அதற்குப்பிறகு காலை எப்போது விடியும் என்று காத்திருந்து, வெளியே கிளம்புவதுபோல் செருப்பை மாட்டிக்கொண்டு பாயில் ஏறுவாள். பூ மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, காவிரிப் பாலம் என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பாயிலிருந்து இறங்கினால் பசி எடுத்தது, தூக்கம் வந்தது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தாள். அவள் வீதி முக்கு வரும்போதெல்லாம், எல்லாக் கால்களும் நேரே பாலத்துப் பக்கம் போக, ஒரே ஒரு சோடிக் கால் மட்டும் அவள் வீதிப் பக்கம் திரும்பும். இரண்டு மூன்று எட்டு வைக்கும். கூட யாரும் வராததால் பிறகு கூட்டத்தோடு வந்து சேர்ந்துகொள்ளும். கனமான காலடி, அவசரப்படாத நடை. தினமும் இதே கதை.

அது யார் என்று வசந்தாமணி யாரையும் கேட்கவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அது அவள் அண்ணன் குழந்தைவேலுவின் நடை.

குழந்தைவேலு டவுன் பஸ் டிரைவர். ஓய்வு பெறும்வரை வண்டியை ஒரு நிமிடம் தாமதமாக எடுத்தவரில்லை என்று ஊரே சொல்லும். அப்பேர்ப்பட்ட மனிதர், வசந்தாமணியின் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரோடு வரவேண்டியவர், பெருந்துறைப் பக்கம் கார் பஞ்சராகி, தாலி கட்டி முடிந்தபிறகு வந்து சேர்ந்தார். மாமன் நிற்கவேண்டிய இடத்தில் யாரோ ஒரு பங்காளி நின்றிருந்தான். மண்டபம் முழுக்க ஒறம்பறை, சொந்தபந்தம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வசந்தாமணி கேட்டாள்: "ஊருக்கெல்லாம் நேரத்துக்கு வண்டி ஓட்டுனீங்க. என்ற மகளுக்கு மட்டும் ஓட்ட முடியலையா?"

அந்த வார்த்தையை விட்டிருக்க வேண்டாம். குழந்தைவேலு சீர்த்தட்டை அப்படியே கீழே வைத்தார். "இனி உன்ற வாசல மிதிச்சா நான் மனுசனில்ல" என்றார். "நானும் உங்க வாசல மிதிக்கறதா இல்ல" என்றாள் இவள். அத்தோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. ஐந்து முக்கு தள்ளி, சந்தை வீதியில்தான் அவர் வீடு. நல்லதுக்கும் போகவில்லை, கெட்டதுக்கும் போகவில்லை. கோபமெல்லாம் முதல் வருடமே தீர்ந்துபோனது. வீம்புதான் தீரவில்லை.

பால் பாக்கெட் போட வருகிறவன் ஒருநாள், "சந்தை வீதியில மூணு வீட்டுக்குச் செவப்புத் துணி கட்டிட்டாங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். காய்ச்சல் கண்ட வீட்டு கேட்டில் சிவப்புத் துணி கட்டுவார்கள். அண்ணன் காலடி தினமும் கேட்கிறது, ஆனால் அண்ணிக்கு எப்படியோ என்று வசந்தாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"போனப் போட்டுக் கேட்டாப் போச்சு" என்றார் தியாகராசன்.

"நான் எதுக்குப் போடோணும்? பெரியவரு அவுருதான? போடட்டும்."

"அவுரும் அங்க இதையேதான் சொல்லிட்டிருப்பாரு."

"அங்க ஒருதரம் போய்ப் பாத்துட்டு வந்துட்டா எனக்கு நிம்மதியாயிரும். கேட்டுல துணி இருக்குதா இல்லையான்னு பாத்தாப் போதும்."

"வாசல மிதிக்க மாட்டேன்னு சொன்னயே?"

"எங்க மிதிக்கறேன்? எஸ்தரு காலு. என்ற காலா?"

தியாகராசன் ஆடுபுலி ஆட்டத்துக்குத் திரும்பினார்.

ஆனால் ஒரு ஆள் திரும்பினால் எஸ்தர் திரும்பமாட்டாளே. பதினோரு பேராவது வேண்டும். வசந்தாமணி போனை எடுத்தாள். உலாவில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லக்கூடாது என்பது விதி. இரண்டே நாளில் பாதிப் பேரைக் கண்டுபிடித்துவிட்டாள். "நீங்க வளையக்காரர் வீதிக்குத் திரும்பறப்ப நான் உங்ககூட வர்றேன். புதன்கிழமை நீங்க என்றகூட சந்தை வீதிக்கு வரோணும்." மொய் வைத்துத் திருப்பி வாங்குகிற ஊருக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? மகள் வீட்டு ஜன்னலைப் பார்க்க ஒருத்தி, தான் கட்டிப் பாதியில் நிற்கிற வீட்டைப் பார்க்க ஒருவர், பழைய பள்ளிக்கூடத்தைச் சும்மா பார்க்க ஒருவர் என்று ஆள் சேர்ந்தது.

இடையில் ஒரு நாள் உலா முடிந்து எஸ்தர் அவள் வீதி வழியாகத் திரும்பிப் போனபோது, கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று வசந்தாமணி அவளிடம் சொல்லியும் வைத்தாள். "அந்த வாசல்ல போயி நின்னு, வசந்தா வந்திருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. அது போதும்."

புதன்கிழமை காலை, ஐந்தாவது முக்கில் கால்கள் திரும்பின. தட்டு விழுந்தது. சந்தை வீதிக்குள் எஸ்தர் நுழைந்தாள். ஒரு கேட்டில் சிவப்புத் துணி, அடுத்ததில் இல்லை, அதற்கடுத்ததில் இருக்கிறது. வசந்தாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அண்ணன் வீட்டு கேட்டில் துணி இல்லை. பழைய பச்சை பெயிண்ட் மட்டும் உரிந்துபோய் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தை இன்னதென்று சொல்லமுடியாது.

பார்த்தாயிற்று. திரும்பியிருக்கலாம். எஸ்தர் கேட்டைத் தள்ளி வாசற்படிக்குக் கீழே போய் நின்று கூப்பிட்டாள். "ஏனுங்கம்மா! வசந்தாமணியம்மா வந்திருக்காங்க!"

ஈரக்கையைத் துடைத்தபடி வந்தது அண்ணி புஷ்பராணி. தலை முழுக்க நரைத்திருந்தது. "ஆரு வந்திருக்கறா?"

"உங்க நாத்தனாருங்க. இதுக்குள்ள இருக்காங்க" என்று எஸ்தர் கழுத்துப்பட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

புஷ்பராணி குனிந்து பட்டைக்குள் பார்த்தாள். இத்தனை வருடம் கழித்து அண்ணியின் முகம் இவ்வளவு கிட்டத்தில் வந்ததும், வசந்தாமணி கூடத்துப் பாயில் அரையடி பின்னால் போனாள். அண்ணி உள்ளே திரும்பிக் கத்தினாள். "ஏனுங்க! அந்தக் கண்ணாடியக் கழட்டிப் போட்டுட்டு வெளிய வாங்க. உங்க தங்கச்சி வந்து நிக்குது!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "தெரியுது. நானும் அதுலதான் நின்னுட்டிருக்கறேன்."

குழந்தைவேலு வெளியே வந்தபோது மூக்கின்மேல் கண்ணாடி பதிந்த தடம் இருந்தது. கண் சிவந்திருந்தது. ஒல்லிப்பெண்ணின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு, "வந்துட்டியா அம்மிணி" என்றார்.

"வந்துட்டனுங்கண்ணா" என்றாள் வசந்தாமணி. அது அவருக்குக் கேட்காது என்பது ஞாபகமில்லை. தியாகராசன் நாற்காலியிலிருந்து பார்த்தார். "எஸ்தரு காலுன்னு சொன்ன. அப்பறம் எதுக்குச் செருப்பக் கழட்டிட்டு நிக்கற?" என்று கேட்டார். அவள் கவனிக்கவில்லை.

"ஒறம்பறைய வாசல்லயே நிக்க வெச்சுப் பேசறதா?" என்றாள் புஷ்பராணி. "உள்ள வா கண்ணு."

"நான் வரக்கூடாதுங்கம்மா. தெரியுமில்லீங்க?"

"உன்ன ஆரு கூப்பிட்டா? என்ற நாத்தனாரக் கூப்பிடறேன். எத்தன வருசம் கழிச்சு வந்திருக்குது, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போகட்டும். வெளிய நின்ன வாக்குல அனுப்புனா நாளைக்கு இந்த ஊரு என்னத்தான பேசும்?"

குழந்தைவேலு ஒதுங்கி வழிவிட்டார்.

வசந்தாமணிக்கு விதி தெரியும். நாலு சுவருக்குள் போனால் வம்பு என்று எஸ்தரே சொல்லியிருக்கிறாள். ஆனால் அண்ணி வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்டும் படியேறாமல் போனாள் என்ற பேச்சு வந்தால், அதை இந்த ஜென்மத்தில் துடைக்க முடியாது. அவள் காலை முன்னால் எடுத்து வைத்தாள். அவள் வைத்ததும் சுற்றிலும் சரசரவென்று மற்றக் கால்களும் முன்னால் வந்தன. அந்த அவசரம் அவளுக்கே திக்கென்றது. அவர்களுக்கு அண்ணனும் இல்லை தங்கையும் இல்லை. மாதக்கணக்காக இன்னொருவர் வீட்டு உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்கள். அடுப்பில் என்ன வேகிறது, சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறது என்று பார்க்க அவ்வளவு பசி.

எஸ்தரின் இரண்டு தோளிலும் ஒன்றாகத் தட்டு விழுந்தது. நேரே போ என்று அர்த்தம். அவள் தயங்கி நின்றாள். தட்டு மறுபடியும் விழுந்தது. உள்ளே கடுகு தாளித்த வாசம். காய்ச்சல் கண்ட நாளிலிருந்து அவள் எந்த வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. எஸ்தர் செருப்பைக் கழற்றினாள், படியேறினாள்.

சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவள் தரையில் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்துவிட்டு, கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். புஷ்பராணி காபி வைக்கப் போவதற்குள் எழுந்துகொண்டாள். அவ்வளவுதான் நடந்தது.

அன்று சாயங்காலமே அண்ணனிடமிருந்து போன். அடுத்தநாளும் போன். வாசலை மிதித்தாயிற்று, இனி என்ன வீம்பு? மூன்று பேரும் மாறி மாறிப் பேசினார்கள். செத்துப்போன அம்மாவைப் பற்றிப் பேசினார்கள், பஞ்சரான காரைத் திட்டினார்கள், சீர்த்தட்டு இன்னும் பரணில்தான் இருக்கிறது என்று அண்ணி சொல்லிச் சிரித்தாள். வசந்தாமணிக்கு உட்கார்ந்து பேசவே வந்துவிட்டது. தியாகராசன் இதைப் பார்த்துவிட்டு நாமக்கல்காரரிடம் பெருமையாகச் சொன்னார்.

வாரக் கடைசியில் பேசும்போது, "அண்ணா, குரலு ஒரு மாதிரி இருக்குதே?" என்றாள்.

"ஐஸ் தண்ணி குடிச்சுட்டேன் அம்மிணி."

"அண்ணிகிட்டக் குடுங்க."

"தூங்கறா."

பச்சை பெயிண்ட் உரிந்த அந்த கேட்டில் அடுத்தநாள் சிவப்புத் துணி கட்டினார்கள். இருவரையும் கொண்டுபோனார்கள். புஷ்பராணி திரும்பி வரவில்லை. உடலை எடுத்துப்போட யாரையும் விடவில்லை. ஒறம்பறை யாரும் முகம் பார்க்கவில்லை. வசந்தாமணி கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழக்கூட அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்துகொண்டே அழுதாள்.

விசாரணை வந்தது. உலாப்பெண் விதியை மீறி வீட்டுக்குள் போனாள் என்று புகார் கொடுத்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் அந்த இருபதில் இருந்தவர்கள். உள்ளே போ என்று காலை வைத்தவர்களே, ஏன் போனாய் என்று கேட்டார்கள். அடுப்படி எங்கே இருந்தது, எந்த இடத்தில் உட்கார்ந்தாள் என்று விவரமாக வேறு சொன்னார்களாம். நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

வசந்தாமணியையும் போனில் கேட்டார்கள். "படியில நீங்க காலை முன்னால வெச்சீங்களாம்மா?"

"எல்லாரும் வெச்சாங்க" என்றாள். வெச்சேன் என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை. எஸ்தரின் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். ஹாஸ்டலில் ஓர் அறையில் உட்கார வைத்திருக்கிறார்களாம். வசந்தாமணி பாயைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

மறுபடியும் கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடை. முன்பு நடந்தது வெளியே போக முடியாததால். இப்போது நடப்பது எதற்கென்று தியாகராசனுக்குத் தெரியும். அண்ணன் பிழைத்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. போன் போட்டால் அவர் எடுக்கவில்லை. அவளும் இரண்டு முறைக்குமேல் போடவில்லை, எடுத்தால் என்ன பேசுவது என்ற பயம்.

ஒருநாள் முற்பகலில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். "அம்மிணி."

குரல் மண்ணில் இழுபட்டதுபோல் கரகரத்தது. வசந்தாமணிக்கு அது யார் என்று புரிந்தபோது பாதி வாசலுக்கு ஓடியிருந்தாள். கேட்டுக்கு வெளியே குழந்தைவேலு நின்றிருந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். கழுத்தில் சாம்பல் நிறப் பட்டை. அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

"கைய எடு."

"அண்ணா..."

"தாப்பாள்ல இருந்து கைய எடு அம்மிணி. மாப்பிள்ளைக்கு இருக்கறது ஒத்தப் பக்கம். மறந்துட்டயா?"

அவள் கையை எடுத்தாள். ஜன்னலில் தியாகராசன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் தானாக எழுந்து நின்று வெகுநாளாகியிருந்தது.

"உங்கள எதுக்கு நடக்க வெச்சிருக்காங்க, இந்த வயசுல?"

"நானாத்தான் கேட்டேன். அந்தப் புள்ளய உக்கார வெச்சுட்டாங்க, ஆளு கொறையுதுன்னாங்க. நான் நடக்கறேன், அவளயும் சேத்துக்குங்கன்னு சொன்னேன். நாந்தான் கையப் புடிச்சு உள்ள இழுத்தேன்னும் சொல்லிட்டேன். இப்ப அவ ஒரு நாளு, நான் ஒரு நாளு."

"நீங்க எங்கண்ணா இழுத்தீங்க?"

குழந்தைவேலு கழுத்துப்பட்டையை விரலால் காட்டினார். எல்லாரும் கேட்கிறார்கள், பேசாதே என்று சைகை செய்தார். வசந்தாமணி அந்தப் பட்டையையே பார்த்துச் சொன்னாள். "நாந்தான் மொதல்ல காலெடுத்து வெச்சேன். தெரிஞ்சேதான் வெச்சேன். நான் வெச்சதுக்கு அப்பறந்தான் மத்தவங்க வெச்சாங்க. எல்லாரும் கேட்டுக்குங்க."

அண்ணன் பட்டையிலிருந்து விரலை எடுத்தார்.

"உங்கண்ணி உன்னத் திட்டல" என்றார் பிறகு. "ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்லதான் இருந்தா. ஒறம்பற வந்துச்சு, வெறும் தண்ணியோட போயிருச்சேன்னு சொல்லிட்டிருந்தா. அந்தக் காபிதான் அவளுக்குக் கடைசி வரைக்கும் கொற."

வசந்தாமணி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அழவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு கண்ணில் தண்ணி வருவதில்லை என்றார், அதுவும் அது விட்டுப்போன ஒரு மிச்சம்.

"இத்தன நாளா உன்ற வீதி முக்குல நான் ஒருத்தன்தான் திரும்புவேன்" என்றார். "ஒருத்தரும் கூட வரமாட்டாங்க. இன்னிக்கு நான் நடந்து வர்றேன், முக்குல தட்டு விழுகுது பாரு, அப்பிடி ஒரு தட்டு. ஒருத்தரு பாக்கியில்லாம எல்லாருமே திரும்பியிருக்கோணும்."

"போங்கண்ணா. வெய்யல் ஏறுது. நின்னுட்டே இருந்தா உங்க பட்டையையும் கழட்டிருவாங்க."

"தட்டுனாப் போறேன். ஒருத்தரும் தட்டக் காணமே."

தட்டமாட்டார்கள். வெட்கமோ இரக்கமோ, எல்லாரும் அவரவர் கூடத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். குழந்தைவேலுவுக்கு மூச்சு வாங்கியது. மதில் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் பார்வை தங்கையைத் தாண்டி, திறந்திருந்த கதவுக்குள், கூடத்துக்குள் போனது. பார்க்கக்கூடாது என்று நினைத்துப் பார்வையைத் திருப்பினார், மறுபடியும் போனது. அவரும் இப்போது ஹாஸ்டலில் இருப்பவர்.

வசந்தாமணிக்கு வசந்தாமணியைத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் இப்படி நின்றால் வாய் கூப்பிட்டுவிடும், கை தாழ்ப்பாளை எடுத்துவிடும். அதன்பின் ஜன்னலில் நிற்கிற மனிதருக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். அவள் உள்ளே ஓடினாள். கதவைச் சாத்தினாள். பீரோவுக்குப் பின்னாலிருந்து பாயை இழுத்து விரித்துக் கண்ணாடியை மாட்டினாள்.

எதிரே அவள் வீடு தெரிந்தது. மூடிய கேட், அதற்குப் பின்னால் மூடிய கதவு. எஸ்தரும் அண்ணனும் நாளெல்லாம் பார்ப்பது இதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அண்ணனின் மூச்சு காதருகே கரகரத்தது. அவ்வளவு கிட்டத்தில் அவர் இருந்தார். சுற்றிலும் பதினெட்டுச் சோடிக் கால்கள் சத்தமில்லாமல் நின்றன.

அவள் தன் வீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். ஓர் எட்டு வைத்தாள். ஒன்றும் நகரவில்லை. இன்னொரு எட்டு வைத்தாள். அவள் காலடி மட்டும் தனியாகக் கேட்டது. "போங்கண்ணா, போங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்த இடத்தில் நடந்தாள். அப்புறம் எங்கோ ஒரு சோடிக் கால் அவளோடு திரும்பியது. இன்னொன்று திரும்பியது. பிறகு எல்லாக் கால்களும் திரும்பின.

தோளில் தட்டு விழுந்ததும் குழந்தைவேலு மதிலை விட்டுக் கையை எடுத்தார். வசந்தாமணியின் வீடு கண்ணாடியிலிருந்து மறைந்தது. தன் வாசலிலிருந்து அண்ணனை அவளே நடத்திக்கொண்டு போனாள். இரண்டு வீட்டைத் தாண்டியதும் அவர் மெதுவாக, "நல்லது பண்ணுன அம்மிணி" என்றார்.

முக்கு வந்தது. அவர் நின்றார். "எந்தப் பக்கம்?"

மற்றவர்கள் காலை அசைக்கவில்லை. அவளிடம் விட்டுவிட்டார்கள். இடதுபக்கம் பார்த்தாள், வரிசையாக மூடிய வாசல்கள். வலதுபக்கமும் அப்படித்தான். நேரே போனால் பாலம், அங்கே வீடுகள் கிடையாது. வசந்தாமணி நேரே காலை வைத்தாள்.